வேலூர் டாக்டரம்மா ஓய்வு பெற்ற வருடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946ஆம் வருடம் காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. தாதியருக்கான பட்டப்படிப்பு அந்த வருடம்தான் தொடங்கியது. கொல்லிமலையில் பிறந்து லண்டனில் அறுவை சிகிச்சை படித்த பால் பிராண்ட், மனைவியையும் குழந்தைகளையும் பிறகு வரச் சொல்லிவிட்டு, வருடக் கடைசியில் வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அவருடைய அறுவை சிகிச்சை பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அதே வருடத்தில், 75 வயதைக் கடந்த ஒரு பிரசவ டாக்டர் தன் பொறுப்புகளை விட்டு விலகினார். அவர் பெயர் ஐடா சோஃபியா ஸ்கடர். வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் அவர் டாக்டரம்மா. ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் நேராக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாக இன்றும் வேலூரில் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் அரசாங்க டாக்டர்கள் 55 வயதில் ஓய்வு பெற்றார்கள். ஐடா அதற்கு மேலும் 20 வருடம் இருந்தார். பதவி ஆசை என்று அதைச் சொல்ல முடியாது. 55 வயதில் அவர் விலகியிருந்தால், அவர் கட்டிய கல்லூரி அவருடனேயே மூடப்பட்டிருக்கும். ஒரு பிரசவ டாக்டர் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டுமானால், அவர் இல்லாத ராத்திரியிலும் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க ஐடாவுக்கு 28 வருடம் பிடித்தது. அவருடைய வாழ்க்கையில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்ட பகுதியும் அதுதான்.

அதிகம் சொல்லப்பட்ட பகுதி எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. மூன்று வீட்டிலும் பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை. ஐடாவின் அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர்தான், ஆனால் ஆண். அவரை உள்ளே விட மூன்று கணவர்களும் சம்மதிக்கவில்லை. அப்போது ஐடா டாக்டருக்குப் படித்திருக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இந்தியாவில் இருக்கவே கூடாது என்று நினைத்திருந்த அந்த இளம்பெண் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். ஷெல் என்ற வங்கிக்காரர், காலமான தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் நன்கொடையும் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அப்பாவின் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்று நம்பி வந்த மகளுக்கு, சில மாதங்களுக்குள் அந்த அப்பாவே இல்லாமல் போனார். 1900ஆம் ஆண்டிலேயே ஜான் ஸ்கடர் காலமானார். மேலே கேட்க ஒரு மூத்த டாக்டர் இல்லை, கூட நிற்க ஓர் இளைய டாக்டர் இல்லை. ஒரே ஒரு கட்டில் போட்ட அறையில், வீட்டில் உதவிக்கு இருந்த சலோமியை வைத்துக்கொண்டு, 29 வயதில் அவர் வைத்தியம் தொடங்கினார். தனக்கு யாரும் கைப்பிடித்துச் சொல்லித் தராமல் போனதுதான், பிறகு வாழ்நாள் முழுக்க அவரைச் சொல்லித் தர வைத்தது என்று எண்ண இடமிருக்கிறது.

பெற்றுப் பிழைப்பது மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு 1900இல் அப்பட்டமான அர்த்தம் இருந்தது. மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்பதையே வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லையென்றால், ஏற்ற ரத்தம் கிடையாது. காய்ச்சல் வந்தால் கொடுக்க ஆன்டிபயாடிக் கிடையாது. பெரும்பாலான பிரசவங்களை வீட்டிலேயே மருத்துவச்சிகள் பார்த்தார்கள். சுகப்பிரசவம் என்றால் அவர்களுடைய அனுபவமே போதும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலை இறங்காமல் நின்றுவிட்டாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி விழாவிட்டாலோ அவர்களிடம் வழி இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் பார்த்துவிட்டு, வேறு கதியே இல்லை என்ற பிறகுதான் ஆஸ்பத்திரியை நினைப்பார்கள்.

அப்படி மாட்டு வண்டியில் வந்து சேரும் பெண்ணின் நிலையை இன்றைய பிரசவ டாக்டர்கள் பலர் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்திருப்பார்கள். உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருக்கும். பனிக்குடம் என்றைக்கோ உடைந்து, உள்ளே கிருமி தொற்றியிருக்கும். கர்ப்பப்பை எந்த நிமிடமும் கிழியலாம். குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பு எலும்புக்கும் நடுவில் நாள் கணக்கில் நசுங்கிய சிறுநீர்ப்பை அழுகி, பிற்பாடு ஓட்டை விழும். பிழைத்தாலும் ஆயுள் முழுவதும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்திருக்கும். தாயைக் காப்பாற்ற, இறந்த குழந்தையின் தலையைச் சிறிதாக்கி வெளியே எடுக்க வேண்டும். சிசேரியன் அப்போதும் உண்டு. ஆனால் கிருமி தொற்றிய வயிற்றை ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் திறப்பது தாயின் உயிரைப் பணயம் வைப்பதுதான்.

ஐடா வேலை பார்த்த 46 வருடங்களில் இந்தத் துறையே தலைகீழாக மாறியது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் சிசேரியன் முறை 1920களில் மன்ரோ கெர் போன்றவர்களால் பரவி, அந்த அறுவையின் ஆபத்தைக் குறைத்தது. ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரினை 1935இல் பிரித்தெடுத்தார்கள். அதே சமயத்தில் லண்டன் குவீன் சார்லட் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக், சல்ஃபா மருந்து கொடுத்துப் பிரசவக் காய்ச்சல் கண்ட பெண்களைப் பிழைக்க வைத்தார். பெனிசிலின் 1940களில் வந்தது. வெறும் கையும் சோப்பும் கார்பாலிக் அமிலமுமாகத் தொழிலுக்கு வந்தவர், பெனிசிலின் ஊசி வந்த பிறகு ஓய்வு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் எத்தனை பேரைப் பறிகொடுத்திருப்பார் என்பதற்குக் கணக்கு தேட வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பிரசவ டாக்டர் எவருக்கும் அந்தத் துக்கம் தவறவில்லை.

1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. டாக்டர் ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவர் குடியாத்தம் பக்கம் வாரம் ஒரு முறை போனார். 1909க்குப் பிறகு ஒரு சிறு பெஜோ கார் கிடைத்தது. கார் வரும் நாளில் புளியமரத்தடியில் ஜனம் காத்திருக்கும்; அங்கேயே புண் கழுவி, கண்ணுக்கு மருந்து விட்டு, பல் பிடுங்கி, கர்ப்பிணிகளைப் பார்த்து அனுப்பினார். சாலையோர மருத்துவம் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான்.

எவ்வளவு ஓடினாலும் இரண்டு கைதானே? பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது. வேலூரில் ஒருத்திக்குத் தலை இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆம்பூரில் இன்னொருத்திக்கு ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஐடா 1909இல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். எல்.எம்.பி. என்ற உரிமம் பெற்ற டாக்டர்களை உருவாக்கும் நாலு வருடப் படிப்பு அது. அனுமதி கொடுத்த சென்னை மாகாண சர்ஜன் ஜெனரல் பிரைசனுக்கு நம்பிக்கை இல்லை. மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிகம் என்ற எண்ணம். விண்ணப்பங்கள் குவிந்தன. கையில் இருந்த எலும்புகளையும் ஓர் உடற்கூறியல் புத்தகத்தையும் மைக்ராஸ்கோப்பையும் வைத்துப் பாடம் தொடங்கியது. மாகாணத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் பெரும்பாலோர் தோற்ற அந்த வருடம், வேலூர்ப் பெண்கள் 14 பேரும் தேறினார்கள்.

இந்தப் பதினாலு பேரும் கற்றது எத்தகைய வித்தை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிரசவ மருத்துவத்தில் பாதி, விரல் நுனியில் இருக்கிறது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் உச்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை எலும்பு எவ்வளவு மடிந்திருக்கிறது என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கலாமா, இப்போதே ஆயுதம் போட வேண்டுமா என்ற முடிவு, ஆயிரம் முறை பக்கத்தில் நின்று பார்த்த பிறகு வருவது. மூத்தவர் கை வைத்த இடத்தில் இளையவர் கை வைத்துப் பார்த்து, ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று கேட்டு, தப்பாகச் சொன்னால் திருத்தி, நடு ராத்திரியில் நடக்கிற பாடம் இது. அத்தகைய டாக்டர் சொல்லித் தராமல் ஓய்வு பெற்றால், அந்த ஊர் அவருடைய சேவையை இழப்பதோடு அவருடைய அனுபவம் முழுவதையும் சேர்த்து இழக்கிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது அடி விழுந்தது. 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, இனி எல்.எம்.பி. படிப்பு கிடையாது, எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று தீர்மானித்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தும் நோக்கத்தில் எடுத்த முடிவு அது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் வேலூருக்கு அது மரண ஓலை. பட்டப்படிப்பு நடத்த, மேற்படிப்பு படித்த பேராசிரியர்கள் ஏராளமாக வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், படுக்கைகள் இன்னும் பல மடங்கு வேண்டும். ஐடாவுக்கு அப்போது 67, 68 வயது. வேறு யாராக இருந்தாலும், இவ்வளவு தூரம் செய்தாயிற்று, போதும் என்று ஓய்வெடுக்கப் போயிருப்பார்கள்.

அவர் அமெரிக்காவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில், 70 வயதுக்கு மேல், ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். அங்கேதான் அவருடைய வாழ்க்கையின் மிகக் கசப்பான பிரச்சினை காத்திருந்தது. தனியாகப் பெண்கள் கல்லூரியை மட்டும் நடத்த வேண்டிய அளவுக்குப் பணமோ ஆளோ திரளாது. பல மிஷன்கள் ஒன்றுசேர வேண்டும், ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை வலுத்தது. இதற்குக் கடுமையான எதிர்ப்பு லூசி பீபாடியிடமிருந்து வந்தது. வேலூருக்காக அமெரிக்கப் பெண்களிடம் வருடக்கணக்கில் நிதி திரட்டியவர் அவர். பெண்களுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தில் ஆண்களுக்கு இடம் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஐடாவே மருத்துவம் படிக்கப் போனது, பெண்ணுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்பதற்காகத்தானே?

ஐடா கடைசியில் சேர்த்துக்கொள்வது என்ற பக்கம் நின்றார். பழைய தோழமை முறிந்தது. ஒரு நிறுவனத்தைக் கட்டியவர் அதைவிட்டு விலக வேண்டுமானால், தான் நினைத்த உருவத்தையும் விட்டுக்கொடுக்க நேரும். பெரும்பாலான ஸ்தாபகர்கள் அந்த இடத்தில்தான் இடறி விழுகிறார்கள். தான் போட்ட கோட்டைத் தாண்ட விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் கோடும் இல்லாமல் இடமும் இல்லாமல் போகிறது. ஐடா விட்டுக்கொடுத்தார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு கிடைத்து எம்.பி.பி.எஸ். தொடங்கியது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் கல்லூரியின் தலைமைக்கு வந்தார். 1947இல் ஆண் மாணவர்கள் முதல் முறையாக உள்ளே வந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஐடா விலகியிருந்தார்.

1940களின் கடைசியில் தலைமைப் பொறுப்புக்கு ஹில்டா மேரி லாசரஸ் வந்தார். வேலூர் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் அவர். 1890இல் விசாகப்பட்டினத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, பிரிட்டனில் மேற்படிப்பு முடித்து, அரசாங்கத்தின் பெண்கள் மருத்துவப் பணியில் உயர்ந்த பதவிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். அவரும் பிரசவ டாக்டர்தான். ஐடாவின் தாத்தா முதலாம் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை நடத்தியவர். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள். ஐடாவின் அண்ணன் மகள், அதே பெயர் கொண்ட இன்னொரு ஐடா ஸ்கடர், வேலூரிலேயே எக்ஸ்ரே துறையில் இருந்தார். ஆனாலும் தலைமைப் பொறுப்பு குடும்பச் சொத்தாகக் கைமாறவில்லை. வெள்ளைக்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரிகள் சுதந்திரத்துக்குப் பிறகு ஆள் இல்லாமல் திண்டாடிய காலத்தில், வேலூரில் அந்த இடத்துக்கு வர ஓர் இந்தியப் பெண் தயாராக இருந்தார்.

ஓய்வுக் காலத்தை ஐடா கொடைக்கானலில் ‘ஹில்டாப்’ என்ற வீட்டில் கழித்தார். அவருடைய டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 65 வயதில் ஒரு போட்டியில் கலந்துகொண்டபோது, எதிரே ஆட வந்த இளம்பெண், போயும் போயும் ஒரு பாட்டியோடு ஆட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்ததாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கேம் கூட விடாமல் ஜெயித்தார் என்று சொல்வார்கள். 80 வயதைத் தாண்டியும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1952இல் அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்வெல் பெயரில் சிறந்த பெண் டாக்டர்களுக்கு வழங்கும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது.

அந்த வருடங்களில் வேலூரில் நடந்தவற்றில் பெரும்பாலானவை அவருடைய துறையே இல்லை. பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். ஜேக்கப் சாண்டி 1949இல் வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை அமைத்தார். நாட்டின் நாலா திசையிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் ரயிலிறங்க ஆரம்பித்தார்கள். ஒரு பிரசவ அறையில் தொடங்கிய இடம், அவர் கனவிலும் நினைத்திராத திசைகளில் வளர்ந்தது. 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் காலமானபோது வயது 89.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்குப்படி லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறக்கிறார்கள். இந்தியாவுக்கு அந்த எண் 97. ஐடா கண்ட மாட்டு வண்டிக் காட்சி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதில் பெரிய பங்கு, ராத்திரி பகலாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுடையது. அவர்களுக்கு இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அதே கணக்கெடுப்பு இன்னொரு செய்தியும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 100க்கு 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 64. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மூத்த டாக்டர்களோடு கூடவே ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கும் கைத்திறன். பிட்டம் முதலில் வரும் குழந்தையைச் சுகப்பிரசவமாக எடுக்கும் வித்தையை எடுத்துக்கொள்வோம். 26 நாடுகளில் நடந்து 2000இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, அத்தகைய குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் அந்தப் பிரசவம் குறைந்தது. கற்றுக்கொள்ள வாய்ப்பும் குறைந்தது. ஆனால் பிட்டம் வெளியே தெரியும் நிலையில் ஒரு பெண் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினால், அறுவை அரங்குக்குக் கொண்டுபோக நேரமிருக்காது. ஃபோர்செப்ஸ் போடுவதும், இரட்டையில் இரண்டாவது குழந்தையை உள்ளே கைவிட்டுத் திருப்பி எடுப்பதும் இதே கதிதான். தெரிந்தவர்கள் 60 வயதில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகிறார்கள். பிரிவுபசார விழாவுக்கு முந்தைய ஒரு வருடமாவது அவர்களை ஓ.பி. நெரிசலிலிருந்தும் ஃபைல்களிலிருந்தும் விடுவித்து, பிரசவ அறையில் மேற்படிப்பு மாணவர்களோடு நிறுத்தினால் என்ன? இதற்குப் பெரிய செலவும் இல்லை.

வேலூரில் மிஷன் அமைப்புகளின் பரிந்துரையில் எம்.பி.பி.எஸ். சேரும் மாணவர்கள், படிப்பு முடித்த பிறகு இரண்டு வருடம் சிறிய மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ அசாமிலோ, டாக்டர் ஒருவர் இருவர் மட்டுமே உள்ள ஊர்களுக்கு அவர்கள் போகிறார்கள். போன முதல் வாரத்திலேயே பிரசவ அறையிலிருந்து அழைப்பு வரும். பக்கத்தில் அங்கே பல வருடம் வேலை பார்த்த ஒரு மூத்த டாக்டரோ நர்ஸோ இருந்தால், கையுறையை மாட்டிக்கொண்டு அவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.